ஒன்பதாவது பூனை

சிவப்பு சரியாக வரவில்லை. மூன்று மணியிலிருந்து வசுமதி அந்த ஒரு நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரையில் பூனை முழுசாக உட்கார்ந்திருந்தது; மீசை முடிந்தது, காதுக்குள் இருக்கும் மெல்லிய மயிர் முடிந்தது, வால் சுற்றி வந்து முன்னங்கால்மேல் அடங்கிவிட்டது, பாக்கி கழுத்தில் ஒரு விரல் அகலப் பட்டை மட்டும்தான், வேறு நாளாக இருந்தால் டீ ஆறுவதற்குள் போட்டு முடித்திருப்பாள், இன்றைக்கு டீ ஆறி ஆடை கட்டியே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. முதலில் போட்ட சிவப்பு ரத்தமாகத் தெரிந்தது. அடுத்தது குங்குமம். மூன்றாவது எதுவாகவும் தெரியவில்லை, அதுவே அதிகம் பயமாக இருந்தது. படங்களைக் கேட்டிருந்த பெங்களூர்ப் பெண் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் காலையிலேயே கூப்பிட்டிருந்தாள். எட்டுப் படமும் சூப்பர் மேடம், ஒன்பதாவதுல மட்டும் கழுத்துக்கு ஒரு பெல்ட்டு போட்டுடுங்க, இல்லேன்னா இது தெருப் பூனையா வீட்டுப் பூனையான்னு பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும், என்றாள். நியாயமான கேள்வி. பத்தாயிரம் வருஷம் பூனை மனுஷனோடு நடந்து வந்த கதையை ஒன்பது படங்களில், கம்ப்யூட்டரில் குழந்தைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி செய்து கேட்டிருந்தார்கள். கடைசிப் படத்தில் பூனை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று எப்படியாவது தெரியத்தானே வேண்டும். சரிங்க, போட்டுடறேன், என்று வசுமதி சொன்னாள். சொல்லும்போது குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், பேனா முனைகள் வைக்கிற டப்பாவுக்குள் அது சுருண்டு கிடக்கிறது, திறந்து ஒரு தரம் பார்த்தால் போதும், கண்ணுக்கு நேராகப் பிடித்து நிறத்தை எடுத்துவிடலாம். பத்தொன்பது வருஷமாகப் படம் போடுகிறவள், பார்த்து வரைய வேண்டிய சாமானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மனசிலிருந்து வரைவதற்கு முட்டி மோதிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குக் கூட்டம். கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிய்த்துப் போடுகிற சத்தம் அதற்குள்ளேயே கேட்க ஆரம்பித்துவிட்டது, யார் போடுகிறார்கள், வாட்ச்மேன் ஏழுமலையேதான் போடுவார், வேறு யார், தன்னை வேலையை விட்டு எடுப்பதற்கு நடக்கப்போகிற கூட்டத்துக்குத் தானே நாற்காலி போட்டுத் தூசி துடைப்பார், ஆறு வருஷமாக இந்தக் கட்டடத்தில் எல்லாக் கூட்டத்துக்கும் அவர்தான் போட்டிருக்கிறார். வசுமதி திரையில் பட்டை மட்டும் தனியாக இருந்த லேயரின் கண் அடையாளத்தைத் தட்டினாள். பட்டை மறைந்தது. பூனை அப்படியே இருந்தது, ஒரு மயிர் குறையவில்லை, ஆனால் யாருடைய பூனையாகவும் இல்லை. திரும்பத் தட்டினாள், பட்டை வந்தது, மூன்றாம் மாடி ரோசலினுடைய பூனையாகிவிட்டது. தட்டினால் ஊர்ப் பூனை. தட்டினால் ரோசலின் பூனை. இதையே எத்தனை தடவை செய்தாள் என்று தெரியவில்லை, கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது, இப்படி ஒரு விரல் அசைவில்தான் எல்லாமே இருக்கிறதா என்று நினைத்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ரோசலின் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு டியூட்டி முடித்துக் காலை ஒன்பதுக்கு வந்து படுப்பாள். அவள் தூங்கும் நேரத்தில் அவளுடைய பூனை பாக்கு, கொட்டைப்பாக்கு நிறத்தில் இருக்குமே அதனால் பாக்கு, ஜன்னல் விளிம்பு வழியாக ஏறி நாலாவது மாடியில் வசுமதியின் பால்கனிக்குப் பதினோரு மணிக்கு வந்துவிடும். கடிகாரம் பார்த்த மாதிரி வரும். வந்து ஒன்றும் கேட்காது. செருப்பு ஸ்டாண்டுக்குமேல் ஏறி உட்கார்ந்து இவள் வரைவதைப் பார்க்கும், பார்ப்பதாக இவளே நினைத்துக்கொள்வாள், அது பார்த்தது பின்சுவரில் ஊரும் பல்லியை. ஒன்பது படத்துக்கும் அந்த ஒரு பூனைதான் ஆதாரம். ஆற்றங்கரைக் களஞ்சியத்தில் எலி வாசனை பிடித்து வந்து நெருப்பு வெளிச்சத்துக்கு வெளியே நிற்கிறதே, நம் பழைய தமிழில் வெருகு என்பார்களே அந்தக் காட்டுப் பூனை, அதன் முதுகெலும்பு பாக்குவினுடையது. எகிப்தில் கோயில் படியில் உட்கார்ந்திருக்கிற அம்மன் பூனையின் தோள் பாக்கு. கப்பலில் கயிற்றுச் சுருளுக்குள் குட்டி போட்டிருக்கிற தாய்ப் பூனையும் பாக்குதான், பாவம் அது கடுவன், ஆண் பூனை. வரைகிறவர்கள் இப்படித்தான், ஒரு உயிரைப் பிரித்து மேய்ந்து அக்குவேறு ஆணிவேறாக எடுத்து வைத்துக்கொள்வார்கள், வேண்டும்போது ஒட்டுவார்கள். அவள் கம்ப்யூட்டரில் ஒரு தனி ஃபோல்டரே இருக்கிறது, பாக்கு காது, பாக்கு வால், பாக்கு கொட்டாவி. பாக்கு கழுத்து என்று ஒன்று இல்லாமல் இருந்தது. கழுத்தில் எப்போதும் அந்தச் சிவப்புப் பட்டை, பட்டையில் ஒரு தகடு, தகட்டில் ரோசலினுடைய போன் நம்பர்.

அந்தப் பட்டையை அவள் கழற்றியதற்கு இரண்டாவது படம்தான் காரணம். சைப்ரஸ் தீவில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய புதைகுழி ஒன்றைத் தோண்டினார்களாம், உள்ளே ஒரு மனிதன், அவனிடமிருந்து இரண்டு சாண் தள்ளி ஒரு பூனை, எட்டு மாதக் குட்டி. அந்தத் தீவில் பூனையே கிடையாதாம், அப்படியென்றால் யாரோ படகில் மடியில் வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்த இரண்டு சாணைப் படித்த நாளிலிருந்து வசுமதிக்கு என்னவோ செய்தது. பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை, கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரம். பூனைக்கும் நமக்கும் இன்றுவரை அந்தத் தூரம்தானே என்று ஆசையாக அந்தப் படத்தைப் போட்டு அனுப்பினாள், பூனை கழுத்து ஒட்டவெச்ச மாதிரி இருக்கு மேடம் என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட்டாள் பெங்களூர்ப் பெண். ஒட்ட வைத்ததுதான். பட்டைக்குக் கீழே மயிர் எப்படி விழும் என்று தெரியாமல் சும்மா இழுத்து விட்டிருந்தாள். அதனால் பன்னிரண்டு நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, பாக்கு வந்து உட்கார்ந்ததும் பக்கிளை நெகிழ்த்திப் பட்டையைக் கழற்றினாள். அது கழுத்தை நீட்டிக் கொடுத்தது. பட்டை அழுத்திய இடத்தில் மயிர் படிந்து வெளுத்திருந்தது, அதைத் தேய்த்துவிட்டாள், அதற்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டது. நாற்பத்து மூன்று போட்டோ. பிறகு போன் அடித்தது, உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள், செருப்பு ஸ்டாண்டு காலியாக இருந்தது. நாளைக்குப் பதினோரு மணிக்கு வருமே, மாட்டிவிடலாம், என்று நினைத்தாள். அது ஒரு பெரிய நினைப்பாகக்கூட இல்லை, பால் பாக்கெட் நாளைக்கு வாங்கிக்கலாம் என்கிற மாதிரி ஒரு நினைப்பு. பத்து நிமிஷத்தில் பூனை பிடிக்கிற வண்டி வந்தது.

அந்த வண்டி வந்ததிலும் அவள் கை இருக்கிறது. மாடிப்படியில் பூனை அசிங்கம் பண்ணுகிறது என்று பல பேர் கத்தி, ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்று முடிவானபோது, வளர்க்கிற பூனைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது, பெல்ட் போட்டிருந்தா யாரும் தொடக் கூடாது, என்று கூட்டத்தில் எழுந்து பேசியவள் வசுமதி. அவள் கூட்டத்தில் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். பாக்குவுக்காகப் பேசினாள். செயலாளர் குமரேசன் சார், நல்ல பாயிண்ட்டும்மா, நீங்கதான் படம் போடறவங்களாச்சே, நோட்டீஸும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க, என்றார். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். வாடகைக்கு வந்த மூன்று வருஷத்தில் இந்தக் கட்டடம் அவளை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல். சாயங்காலமே உட்கார்ந்து போட்டாள், மேலே ஒரு பூனையின் நிழலுருவம், அதுவும் பாக்குதான், அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்து ஒட்டியது, கீழே பெரிய எழுத்தில் ‘பெல்ட் அணிந்த பூனைகளை யாரும் தொடக் கூடாது’. லிஃப்ட் பக்கத்தில் இன்னும் அது தொங்குகிறது, பன்னிரண்டு நாளாக அவள் படி வழியாக ஏறி இறங்குகிறாள், மூட்டு வலிக்கிறது.

கழற்றியது குற்றமா. இல்லை, அதை அவள் நூறு தரம் தனக்குள் கேட்டு நூறு தரமும் இல்லை என்றுதான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள், மறதி, யாருக்கும் வரும், ரோசலினே டியூட்டி அவசரத்தில் அதை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரோசலின் தலைகூட வாராமல் ஓடி வந்து, அக்கா, பாக்குவைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம் அக்கா, என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அப்போது இரண்டு வார்த்தை போதும், நான்தான் கழட்டினேன், சொல்லியிருந்தால் ரோசலின் கத்தியிருப்பாள், இரண்டு மாசம் பேசாமல் இருந்திருப்பாள், முடிந்திருக்கும். வசுமதி வாயைத் திறந்தாள். வந்தது வேறு. ஐயோ, பெல்ட்டு போட்டிருந்துச்சே, எப்படிப் பிடிச்சாங்க? என்று கேட்டாள். தன் காதாலேயே கேட்டாள். அது பொய்கூட இல்லை, வெறும் கேள்வி, ஆச்சரியம், அனுதாபம், எல்லாம் சரியான அளவில் இருந்தது. ரோசலின் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். ஆமால்ல, என்றாள். பக்கிள் போட்டது தானா கழறாதே, யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க. அப்புறம் அந்த யாரோவுக்கு முகம் வர அரை மணி நேரம் ஆகவில்லை. வண்டிக்குக் கேட்டைத் திறந்துவிட்டது வாட்ச்மேன் ஏழுமலை. போன வாரம்தான் தன் சட்டைமேல் பூனை படுத்துவிட்டது என்று அவர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, இதைக் கொண்டுபோய் விட்டாத்தான் நிம்மதி, என்று சலித்துக்கொண்டார். போதாதா. கட்டடம் முழுக்க ஒரே நாளில் ஒரே குரலில் பேசியது, ஆயுத பூஜைக்கு அலங்கார விளக்குப் போடலாமா வேண்டாமா என்று மூன்று மாசம் அடித்துக்கொண்ட ஜனங்கள்தான்.

பேனாவை எடுத்தாள். நாலாவது படத்தைத் திறந்து பார்த்தாள், எதற்கென்று தெரியாமல். எகிப்தில் பூனையைக் கும்பிட்டார்கள், கும்பிடுகிறவர்கள் காணிக்கை வைக்கப் பதப்படுத்திய பூனை உடல் கேட்டார்கள், கேட்டவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கோயில்காரர்கள் பூனைகளை வளர்த்துக் குட்டியிலேயே கழுத்தைத் திருகினார்கள். லட்சக்கணக்கில். படிக்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என்ன ஜென்மங்கள், என்று வாய்விட்டுச் சொன்னாள். இப்போது அந்தத் திருகுகிற கையைப் பார்த்தால், அதையும் அவள் தன் கையைப் பார்த்துத்தான் வரைந்திருந்தாள், வலதுகை ஆள்காட்டி விரலில் பேனா பிடித்துக் காய்த்த இடம்கூட அப்படியே வந்திருந்தது. அதை மூடிவிட்டு ஆறாவதைத் திறந்தாள், மாமல்லபுரத்துப் பாறையில் இரண்டு காலில் நின்று கையை உயரத் தூக்கித் தவம் பண்ணுகிற பூனை, காலடியில் எலிகள். அதைப் பார்க்க மார்ச் மாசம் பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்று சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, அதையும் மூடினாள். மணி நாலரை. இப்போது கீழே போய்ச் சொன்னால் என்ன ஆகும். குமரேசன் சார் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போடுவார். இந்த வீட்டுக்கு முன்னால் ஏழு வீடு பார்த்தாள், ஏழிலும் ஒரே கேள்வி, தனியாவா இருப்பீங்க, வீட்டுக்காரர்? பிரிந்துவிட்டோம் என்றால் அடுத்த வார்த்தை இருக்காது, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். எட்டாவது வீட்டில் குமரேசன் சார்தான், நான் பார்த்துக்கறேன், அமைதியா இருக்கற அம்மா, என்று சொந்தக்காரரிடம் பேசி முடித்துக் கொடுத்தார். அமைதியாக இருக்கிற அம்மா. அவள் அதைக் காப்பாற்றிக்கொண்டுதான் வருகிறாள். ஏழுமலைக்கு என்ன, வேறு கட்டடம் கிடைக்கும், ஊர் பூரா வாட்ச்மேன் தேவை என்று போர்டு தொங்குகிறது, இப்படி நினைத்தாள். நினைத்த உடனே அறுபது வயசு ஆளுக்கு, பூனையை ஒழித்துக்கட்டினவன் என்ற பெயரோடு யார் வேலை கொடுப்பார்கள் என்றும் நினைத்தாள், இரண்டு நினைப்பும் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் உட்கார்ந்துகொண்டன. அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. வெறுத்துக்கொண்டே சிவப்பில் இன்னும் கொஞ்சம் பழுப்பைக் கலந்தாள்.

கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. இன்னும் ஒரு சொட்டு மஞ்சள். வந்துவிட்டது, அதேதான், வெயிலில் வெளுத்து விளிம்பில் நூல் பிரிந்த அந்தச் சிவப்பு, டப்பாவைத் திறக்காமலே வந்துவிட்டது. வேலை நன்றாக வந்தால் நெஞ்சில் எப்போதும் ஒரு சின்ன குதூகலம் எழும், அது இப்போதும் எழுந்தது. பட்டையைப் போட்டாள், பக்கிள் போட்டாள், தகடு போட்டாள். தகட்டில் நம்பர் போட இடம் இருந்தது. பிள்ளைகள் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், ஏதாவது பத்து எண் எழுதலாம். பேனா முனை தகட்டின்மேல் நின்றது, ஒன்பது என்று ஆரம்பித்தது, எட்டு, நாலு, அவள் கை ரோசலினுடைய நம்பரை எழுதிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஏழுமலை. காக்கிச் சட்டை இல்லை, கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார், தோளில் ஒரு பை, கையில் சாவி.

"செகரட்டரி வீடு பூட்டிக் கீதும்மா. இது மோட்டார் ரூம் சாவி. அவரு வந்தா குடுத்துடுங்க. சேரெல்லாம் போட்டுட்டேன்."

"கூட்டம் இருக்கே, அண்ணே?"

"நாலு பேரு முன்னாடி நின்னு இன்னான்னு சொல்றது. கூட்டம் போட்டுட்டுப் போறாங்க விடுங்க. நான் இப்பிடியே கிளம்பறேன்."

சாவியை நீட்டியபடி நின்றார். அதை வாங்கிக்கொண்டால் போதும். நாலு நிமிஷத்தில் அவர் கேட்டைத் தாண்டிவிடுவார், கூட்டத்துக்கு வேலையில்லை, யாரும் யாரையும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. வசுமதிக்கு அந்த நிம்மதி உடம்பில் இறங்குவது தெரிந்தது, வெயிலில் நடந்து வந்து மோர் குடித்தால் இறங்குமே அப்படி. அது அவ்வளவு இதமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"பெல்ட்டைக் கழட்டினது நான்தான், அண்ணே," என்றாள்.

"தெரியும்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க முடிந்திருக்கும்.

"உங்க பால்கனிலேர்ந்துதானேம்மா இறங்கி வந்துச்சு. கழுத்து வெறுமையா இருந்துச்சு. போட்டோ எடுக்கக் கழட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன். வண்டிக்காரன்கிட்ட ஓனர் இருக்காங்கப்பா, விட்டுடுன்னேன். அவன் செவுத்துல இருக்கற நோட்டீஸைக் காட்டினான். பெல்ட்டு எங்கேன்னான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. எல்லாரும் உங்களைக் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா? வாட்ச்மேன் தப்பிக்கறதுக்குத் தனியா கீற பொம்பள மேல பழி போடறான்னு ஆகும். நம்பினாங்கன்னா உங்களைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உங்களுக்கு வீடு குடுக்க எவ்ளோ யோசிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதா, கேட்ல நின்னுனு இருந்தவன் நான்." பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பன்னெண்டு நாளா பார்த்தேம்மா."

வசுமதி சாவியை வாங்கவில்லை. "என்கூட வாங்க," என்றாள், செருப்புப் போட்டுக்கொள்ளத் தோன்றாமல் படியில் இறங்கினாள். நாலு மாடி. இறங்க இறங்க என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது, மறதி என்பதை முதலில் சொல்வதா கடைசியில் சொல்வதா, ரெண்டாவது படம், ஒட்ட வைத்த கழுத்து, எல்லாம் வாக்கியம் வாக்கியமாகத் தலைக்குள் அடுக்கிக்கொண்டே வந்தது, தரைத்தளம் வந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. பின்னால் ஏழுமலையின் செருப்புச் சத்தம் ஒரு படி தள்ளி வந்துகொண்டிருந்தது. நாற்காலிகளில் பாதி நிறைந்திருந்தது. குமரேசன் சார் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ரோசலின், நைட் டியூட்டிக் கண்கள், மடியில் செல்போன், பாக்குவை யாராவது பார்த்துக் கூப்பிட மாட்டார்களா என்று அதை அவள் கீழே வைப்பதே இல்லை. வசுமதி அவள் எதிரில் போய் நின்றாள். "ரோசலின், பாக்கு பெல்ட்டை நான்தான் கழட்டினேன். படம் போடறதுக்காக. திரும்ப மாட்டலை. அவர் தொடவே இல்லை. பெல்ட்டு என்கிட்டதான் இருக்கு," என்றாள். இவ்வளவுதான் இருந்தது சொல்வதற்கு, ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

யாரோ பின்வரிசையில் என்னது என்றார்கள். குமரேசன் சார், இருங்கம்மா, இருங்க, ஒழுங்கா ஆரம்பிச்சுப் பேசலாம், என்று வேகமாக வந்தார். ரோசலின் ஏழுமலையைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள், மறுபடி நிமிர்ந்தபோது வசுமதியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று வசுமதி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அக்கா," என்றாள் ரோசலின் மெதுவாக. "ஏரிக்கரைக்கு என்கூட வந்தீங்களே. மூணு நாள் வந்தீங்க. முள்ளுக்குள்ள எல்லாம் இறங்கி, பாக்கு பாக்குன்னு என்னைவிடச் சத்தமா கூப்பிட்டீங்களே அக்கா."

"ஆமா," என்றாள் வசுமதி.